ரயில் நிலையத்து ஆங்கிலம்: ஜப்பானின் உரையாடல் வகுப்புகள் எங்களுக்குச் சொல்வது

எங்கட ஊர் மதில்களில் தேர்தல் போஸ்டருக்கு அடுத்தபடியாக அதிகம் ஒட்டப்படுவது ஸ்போக்கன் இங்கிலிஷ் விளம்பரம்தான். மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்று அது சத்தியம் செய்யும். வேலைக்குப் போகிறவர்கள், வீட்டுக்காரம்மாமார், விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள் என்று எல்லாரும் போய்ச் சேருவார்கள். முதல் கிழமை கதிரை போதாது. போகப் போகக் கதிரைகள் காலியாகும். ஏன் என்று கேட்டால் ரெண்டு பதில்தான் வரும்: வந்தவர்களுக்குப் பஞ்சி, அல்லது படிப்பிக்கிறவருக்குச் சரக்கில்லை.

இந்த ரெண்டு பதிலும் எங்களுக்குப் போதவில்லை. அதனால் வேறொரு நாட்டின் கதையைப் பார்ப்போம். வளர்ந்தவர்கள் காசு கொடுத்து, நேரம் கொடுத்து ஆங்கிலம் கதைக்கப் பழகுவதை ஒரு பெரிய தொழிலாகவே ஆக்கிய நாடு ஜப்பான். அதற்கு அவர்களிடம் தனிச்சொல்லே இருக்கிறது: எய்கைவா. ஆங்கில உரையாடல் என்று பொருள்.

கம்பிக்குப் பின்னால் ஒரு வகுப்பு

1848. ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த காலம். ஐரோப்பியர்களில் ஒல்லாந்தருக்கு மட்டும் நாகசாகியில் வியாபாரம் செய்ய அனுமதி. அந்த நேரத்தில் ரனால்ட் மக்டொனால்ட் என்ற 24 வயது இளைஞன், திமிங்கில வேட்டைக் கப்பலில் இருந்து ஒரு சிறு படகை இறக்கி, வேண்டுமென்றே வடக்கில் இருந்த ரிஷிரி தீவில் போய்க் கரையொதுங்கினான். தந்தை ஸ்கொட்லாந்துக்காரர், தாய் வட அமெரிக்காவின் சினூக் பழங்குடியைச் சேர்ந்தவர். அவனைப் பிடித்து நாகசாகிக்குக் கொண்டுபோய் அடைத்து வைத்தார்கள்.

அடைத்த இடத்திலேயே வகுப்பு தொடங்கியது. 14 பேர் அவனிடம் படித்தார்கள். எல்லாரும் அரசாங்கத்தின் ஒல்லாந்த மொழிபெயர்ப்பாளர்கள், வளர்ந்த ஆட்கள். ஒருவர் மாறி ஒருவர் ஆங்கிலத்தில் வாசிப்பார்கள், அவன் உச்சரிப்பைத் திருத்துவான். தனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் விளக்கம் சொல்லுவான். அதேநேரம் அவர்களிடமிருந்து ஜப்பானியச் சொற்களைக் கேட்டுத் தன் கையால் எழுதி வைத்தான். யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சொல்ல முடியாத வகுப்பு அது.

1849இல் ஓர் அமெரிக்கக் கப்பல் அவனை மீட்டுக்கொண்டு போனது. அவனிடம் படித்தவர்களில் ஒருவரான மொரியாமா எய்னோசுகே, 1854இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி போர்க்கப்பல்களோடு வந்து பேரம் பேசியபோது மொழிபெயர்ப்பாளராக நின்றார். அந்த 14 பேருக்கும் பாடம் அலுத்திருக்க வாய்ப்பே இல்லை. ஆங்கிலக் கப்பல்கள் கடலில் சுற்றித் திரிகிற காலத்தில், இன்றைக்குப் படித்த சொல் நாளைக்கு நாட்டின் தலைவிதியில் வந்து நிற்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த பத்தாண்டில் தேவை இன்னும் பரவியது. சிறுவயதில் கடலில் தத்தளித்து, அமெரிக்கக் கப்பலால் மீட்கப்பட்டு, மசாசூசெட்சில் படித்துத் திரும்பிய மீனவன் ஜோன் மன்ஜிரோ 1859இல் ஓர் ஆங்கில உரையாடல் கைந்நூல் எழுதினார். அதே ஆண்டு, பல வருசம் ஒல்லாந்தம் படித்த புகுசாவா யுகிச்சி யோக்கஹாமா துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தார். கடைப்பலகைகளைக்கூட வாசிக்க முடியவில்லை. மனமுடைந்தாலும், அடுத்த நாளே ஆங்கிலம் படிக்க முடிவெடுத்தார். பின்னாளில் நவீன ஜப்பானின் பெரிய சிந்தனையாளர் என்று பெயரெடுத்தவர் இவர்தான்.

தோற்ற நாட்டின் வானொலி

1945 ஓகஸ்ட் 15. பேரரசர் வானொலியில் சரணடைவை அறிவித்தார். அந்த அறிவிப்பின் ஆங்கில வடிவத்தை வெளிநாட்டு ஒலிபரப்பில் வாசித்தவர் ஹிரகாவா தடாய்ச்சி. பதின்ம வயதில் அமெரிக்கா போய், அங்கு நாடகம் படித்துத் திரும்பியவர்.

அதே ஒலிபரப்பைக் கேட்ட ஒரு பதிப்பாளருக்கு, இனி அமெரிக்கப் படை வரும், சனங்களுக்கு ஆங்கிலம் தேவைப்படும் என்று உடனே பொறி தட்டியது. அவர் வெளியிட்ட 32 பக்க ஜப்பானிய-அமெரிக்க உரையாடல் கையேடு சில மாதங்களுக்குள் சுமார் 36 இலட்சம் பிரதிகள் விற்றது. இந்தச் சாதனையை 1981இல் வெளிவந்த ஒரு புத்தகம்தான் முறியடித்தது. அது எங்களில் பலர் தமிழில் வாசித்த 'டோட்டோசான்'.

ஆனால் கையேட்டு வசனம் ஆபத்துக்குத்தான் உதவும். வழி கேட்கலாம், நன்றி சொல்லலாம், அதோடு சரி. 1946 பெப்ரவரியில் ஹிரகாவா வானொலியில் 15 நிமிட ஆங்கில உரையாடல் நிகழ்ச்சியொன்றைத் தொடங்கினார். 'கம் கம் இங்கிலிஷ்' என்று சனங்கள் அதைக் கூப்பிட்டார்கள். தொடக்கப் பாட்டுக்கு அவர் எடுத்தது எல்லா ஜப்பானியருக்கும் தெரிந்த ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு. சொற்கள் மட்டும் ஆங்கிலம்.

இதில் கவனிக்க வேண்டியது அவர் எதைப் பேச வைத்தார் என்பதுதான். லண்டன் தேநீர் விருந்தோ நியூயோர்க் ஹோட்டலோ இல்லை. சாதாரண ஜப்பானியக் குடும்பத்தின் வீட்டுக்கதைகளை எடுத்தார். எரிந்துபோன நகரங்களில், சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற சனம், தங்கட வீட்டுக் கதையைத் தங்களை வென்றவனின் மொழியில் சொல்லிப் பார்த்தது. பெரியவர்களும் குழந்தை பேச்சுப் பழகுவதுபோல வெட்கப்படாமல், விளையாட்டாகப் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. நாடெங்கும் நேயர்கள் 'கம் கம்' கழகங்கள் அமைத்து, தங்களுக்குள்ளேயே கூடிக் கதைத்துப் பழகினார்கள். வெள்ளைக்கார ஆசிரியர் யாரும் பக்கத்தில் இல்லாமலேயே இது நடந்தது.

விற்பனைக்கு வந்த உரையாடல்

1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி எய்கைவா மோகம் இன்னும் ஏறியது. நாடு பணக்கார நாடானது, தனியார் வகுப்புகள் பெருகின. 1981இல் ஒசாகாவில் தொடங்கிய நோவா நிறுவனம் எல்லாரையும் முந்தியது. ரயில் நிலையத்துக்கு முன்னாலேயே வெளிநாட்டுப் படிப்பு என்பது அதன் விளம்பரம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஏறி, ஒரு வெளிநாட்டுக்காரரோடு கதைத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்.

இந்த உலகத்தைப் பற்றி டக்ளஸ் லம்மிஸ் 1976இலேயே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஜப்பானில் கற்பித்த அமெரிக்கர் அவர். எய்கைவா என்பது வெறும் மொழிப்பாடம் இல்லை, அது ஒரு சித்தாந்தம் என்றார். தகுதி பார்க்காமல், வெள்ளைக்காரர் என்பதற்காகவே ஆசிரியர் வேலை கொடுப்பதையும், அங்கு நடக்கிற பேச்சு உப்புச்சப்பில்லாமல் இருப்பதையும் சாடினார். ஆசிய மக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் மொழியாக ஆங்கிலத்தை எடுத்தால் கதையே வேறு என்றும் சொன்னார்.

நோவாவில் பாடங்கள் சீட்டுக் கணக்கில் விற்கப்பட்டன. முன்கூட்டியே மொத்தமாக வாங்கினால் ஒரு பாடத்தின் விலை குறையும். இடையில் விலகினால் ஏற்கெனவே படித்த பாடங்களுக்குக் கூடிய விலை போட்டுக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். 2007 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இந்தக் கணக்குச் சட்டவிரோதம் என்றது. ஜூனில் அரசாங்கம் புதிய நீண்டகால ஒப்பந்தங்களை ஆறு மாதத்துக்குத் தடுத்தது. ஒக்டோபரில் நிறுவனம் கடனில் மூழ்கி நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் நின்றார்கள். இலட்சக்கணக்கான மாணவர்கள் கட்டிய காசு தொங்கிப்போனது. பெயர் மட்டும் வேறு கைக்கு மாறி இன்றும் ஓடுகிறது.

இந்த வியாபாரக் கணக்கை ஒருக்கா யோசித்துப் பாருங்கோ. காசை முன்னமே வாங்கியாச்சு என்றால், மாணவர் வராமல் விட்டால் யாருக்கு நட்டம்? கதிரை காலியாவது வியாபாரத்துக்கு ஒரு பிரச்சினையே இல்லை. பாடத்தைப் புதுசாக வைத்திருக்க வேண்டிய தேவையும் அங்கேயே செத்துப்போகிறது.

அலுப்பு எங்கிருந்து வருகிறது?

தென்னிந்தியாவில் 1979 முதல் 1984 வரை பெங்களூர் திட்டம் என்ற கற்பித்தல் முயற்சியை நடத்திய என்.எஸ். பிரபு, 1990இல் எழுதிய கட்டுரையில் ஒரு முக்கியமான விசயத்தைச் சொல்கிறார். எல்லாருக்கும் பொருந்துகிற சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று இல்லை. நல்ல கற்பித்தலுக்கு எதிரி, கெட்ட முறை அல்ல, இயந்திரமாகிப்போன வழக்கம்தான். ஆசிரியர் தான் செய்வதில் தானே ஈடுபாட்டோடு இருந்தால் வகுப்பு உயிரோடு இருக்கும்.

இதை வைத்துப் பார்த்தால், நாகசாகிச் சிறையில் பாடப்புத்தகமே ஒழுங்காக இல்லை. ஆனால் ரெண்டு பக்கத்துக்கும் தெரியாதது நிறைய இருந்தது, கேட்கிற ஆசையும் இருந்தது. ஹிரகாவாவிடம் வெறும் 15 நிமிடம்தான். ஆனால் கேட்பவர்களின் சொந்த வாழ்க்கை அதற்குள் இருந்தது. ரயில் நிலையத்து வகுப்பில் வசதி எல்லாம் இருந்தும், உன் பொழுதுபோக்கு என்ன என்று பதிலில் அக்கறையில்லாமல் கேட்கிற ஒருவருக்கு ஐம்பதாவது தடவையாகப் பதில் சொல்லுவதில் என்ன இருக்கிறது?

வளர்ந்த ஒருவர் வகுப்புக்கு வரும்போது ஒரு முழு வாழ்க்கையோடு வருகிறார். வங்கியில் வேலை செய்கிறவருக்கும் மீன் விற்கிறவருக்கும் தங்கட தொழிலைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கத் தெரியும். ஆங்கிலத்தில்தான் அவர் ஐந்து வயதுப் பிள்ளையாகிறார். அந்த வெட்கத்தைத் தாங்குவதற்கு ஒரு காரணம் வேண்டும். தான் சொல்லுவதை யாரோ உண்மையாகவே அறிய விரும்புகிறார்கள் என்பதைவிடப் பெரிய காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

சிங்களத்தில் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று சொல்லுவார்கள். வெட்டி ஒதுக்குகிற ஆயுதம் என்ற கசப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. எங்களுக்கும் அது அந்நியமான கசப்பு இல்லை. நேர்முகத் தேர்வில் வாயடைத்துப்போய் வெளியே வந்த அண்ணாமார் அக்காமார் எங்கட எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். ஆகவே எங்கட வாசகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் ஒரு 'கம் கம்' கழகத்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்பது எங்கட யோசனை. கட்டணம் வேண்டாம், வெளிநாட்டுக்காரர் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். பத்துப் பேர் வட்டமாக இருந்து, தன் வேலையில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றை ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் சொல்லட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். இலக்கணம் பிழைத்தால் பிழைக்கட்டும், சிரிப்பு வந்தால் சேர்ந்து சிரிப்போம். அடுத்த கிழமையும் அவர்கள் வருவார்களா என்று பார்ப்போம்.