முன்னுரையாகிப்போன ஒரு குறுந்தட்டு

1988 சனவரியில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரிலிருந்து 'ஹெக்டிக்' என்னும் ஏழங்குல இசைத்தட்டு வெளிவந்தது. ஆறு பாடல்கள், அவற்றுள் ஒன்றும் மூன்று நிமிடத்தை எட்டவில்லை. ஆபரேஷன் ஐவி என்னும் நால்வர் குழு, தோன்றி ஓராண்டு நிறையுமுன் 'லுக்அவுட்' என்னும் சிறு நிறுவனத்தின் வழியாக அதை வெளியிட்டது.

அதில் இரு மரபுகள் கலந்தன. ஒன்று, 1950களின் இறுதியில் ஜமைக்காவில் உருவான ஸ்கா. தாள அடியின்மேல் விழாமல் இரு அடிகளுக்கு இடையே கித்தார் ஒலிப்பது அதன் அடையாளம். கர்நாடக இசையில் எடுப்பு அரை இடம் தள்ளி அமைவதைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது முற்றிலும் அந்நியமன்று. ஆயின் அங்கே தொடக்கத்துக்குரிய விலகல் இங்கே பாடல் முழுதும் நீடிக்கிறது. மற்றொன்று, 1980ஐ ஒட்டி அமெரிக்க நகரங்களில் வளர்ந்த ஹார்ட்கோர் பங்க். விரைவும் உரத்த குரலும் சுருக்கமும் அதன் இலக்கணம். 1979இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியை மையமாகக் கொண்ட டூ டோன் குழுக்கள் ஸ்காவைப் பங்க்குடன் முன்பே இணைத்திருந்தன. பெர்க்லி இளைஞர் அவ்விணைப்பின் வேகத்தைக் கூட்டினர்.

குழுவின் பெயரும் கருதத்தக்கது. 1952இல் மார்ஷல் தீவுகளின் எனிவெடாக்கில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைத் தொடரின் பெயர் அது. அதன் முதல் வெடிப்பில் எலுகெலாப் என்னும் தீவே மறைந்தது. இராணுவக் குறிச்சொல் ஒன்று நடன இசையின் பெயராயிற்று.

1989இல் 'எனர்ஜி' என்னும் ஒரே நெடுந்தட்டை வெளியிட்ட குழு, அவ்வாண்டு மே இறுதியிலேயே கலைந்தது. அதன் உறுப்பினர் இருவர் 1991இல் ரான்சிட் குழுவைத் தொடங்கினர். அதே வட்டத்தில் வளர்ந்த கிரீன் டே 1994இல் உலகப்புகழ் பெற்றது. ஆகவே பிற்கால வரலாறுகள் 'ஹெக்டிக்'கை அவ்வெற்றிகளின் முன்னுரையாகவே பெரிதும் வாசிக்கின்றன.

இவ்வாசிப்பு விளைவைக் காரணமாக்குகிறது. அத்தட்டு பிறந்த சூழலின் நடுவே இருந்தது, 1986 இறுதியில் திறக்கப்பட்ட கில்மன் தெரு அரங்கு. தன்னார்வலர் நடத்திய அவ்வரங்கில் எல்லா வயதினரும் நுழையலாம். பெருநிறுவன ஒப்பந்தம் பெற்ற குழுக்களுக்குப் பின்னர் இடம் மறுக்கப்பட்டது. சிறிய தட்டு, குறைந்த செலவு, அறிந்த கேட்போர்: அவ்வுலகுக்கு அதுவே முழுமையான வடிவம். 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழைப் பிற்காலப் புதுக்கவிதையின் நாற்றங்காலாக மட்டும் காண்போரும் இதே பிழையைச் செய்கின்றனர். சிறியவற்றின் வரலாற்றை எழுதுவோர், அவை எதற்கு வழிவிட்டன என்பதற்கு முன் யாருக்காகப் பிறந்தன என்று கேட்டல் வேண்டும்.