காவுதடம்

“வள்ளம்தானே ஆக்களைக் காவிறது? இஞ்சை என்னண்டா ஆக்கள் வள்ளத்தைக் காவினம்!”

கரையில் இறங்கி நின்ற அம்மா இதைச் சொன்னபோது, என் கணவர் கனூவைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிவிட்டார். தலை தோணிக்குள் மறைந்து, இரண்டு கால்கள் மட்டும் காட்டுக்குள் நடந்து போயின. மரத்தில் அறைந்திருந்த மஞ்சள் பலகை, அடுத்த ஏரி முந்நூறு மீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதாகச் சொன்னது.

ஆகஸ்ட் மாத லோங் வீக்கென்ட். ஸ்காபரோவில் விடிய நாலு மணிக்குப் புறப்பட்டு, அல்கொன்குவின் பூங்காவின் கனூ லேக்குக்கு வந்திருந்தோம். இவர், நான், பதினாலு வயது மகன், பத்து வயது மகள், எழுபத்திமூன்று வயது அம்மா. வாடகைக்கு எடுத்தவை இரண்டு கனூக்கள். கனூ லேக்கைக் கடந்து, அணையைச் சுற்றித் தோணியைக் காவி, ஜோ லேக் வழியாக ரீப்பீ லேக்குக்குப் போய் மூன்று இரவு தங்குவதாகத் திட்டம்.

அம்மா வருவார் என்று நான் நினைக்கவில்லை. இலங்கையில் போர் நடந்த 1993-இல் கிளாலிக் கடலை நாங்கள் இரவில், விளக்கில்லாமல் வள்ளத்தில் கடந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா என் தலையைத் தன் மடிக்குள் அமுக்கிப் பிடித்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய சீலையின் உப்பு மணம்தான். அதன் பிறகு அவர் சின்ன வள்ளம் எதிலும் ஏறியதில்லை. இந்த முறை மட்டும், “பிள்ளையள் போற இடத்துக்கு நானும் வாறன்” என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

கரையில் நின்று அம்மா கேட்ட கேள்விக்கு விடை இந்த நிலத்தில்தான் இருக்கிறது. பனிக்கட்டி ஆறுகள் சுரண்டிவிட்டுப் போன பழம்பாறை இது. பள்ளமெல்லாம் ஏரி, ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே கற்பாறை மேடு, அல்லது தோணி விடமுடியாத நீர்ப்பாய்ச்சல். இங்கே நீரில் மிதந்தால் மட்டும் போதாது. ஒருவர் தூக்கி நடக்கக்கூடிய தோணியாகவும் இருக்கவேண்டும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் அப்படியொரு தோணியைச் செய்தார்கள். அதைத் தூக்கி நடக்கும் வழிக்கு அவர்களுடைய சொல் ஒனிகம். பிரெஞ்சுக்காரர் அதைத் தங்கள் மொழியில் போர்ட்டேஜ் என்றார்கள். ‘சுமத்தல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘காவுதல்’. நான் இதைக் காவுதடம் என்றே சொல்லப்போகிறேன்.

பீற்றர்பறோவில் உள்ள கனடியக் கனூ அருங்காட்சியகத்துக்குப் போனபோது மரப்பட்டைத் தோணி ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். வெள்ளைப் பேர்ச் மரத்தின் பட்டை. வெளிப்பக்கமும் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மரத்தின் வெளியே தெரியும் வெள்ளைப்பக்கம் தோணிக்குள் போய்விடுகிறது. மரத்தை ஒட்டியிருந்த செம்பழுப்புப் பக்கம்தான் தண்ணீரைத் தொடுகிறது. மரத்தில் சாறு ஏறும் முன்கோடையில் பட்டையை உரித்து, பிளந்த ஸ்புரூஸ் வேரால் தைத்து, உள்ளே சீடர் மரச் சலாகைகளை வளைத்துச் செருகுவார்கள். தையல்வாயில் ஸ்புரூஸ் பிசினைக் கொழுப்போடு காய்ச்சிப் பூசுவார்கள். ஆணி ஒன்றுகூட இல்லை. வேர்த்தையலும் பிசின் பூச்சும் பெரும்பாலும் பெண்களின் வேலை. வழியில் கிழிந்தாலும் பட்டை, வேர், பிசின் மூன்றும் கரையிலேயே கிடைக்கும். கியூபெக்கின் அல்கொன்குவின் மூத்தவர் வில்லியம் கொமாண்டா 2011-இல் காலமாகும்வரை இந்தக் கைவேலையின் பெரிய ஆசானாக மதிக்கப்பட்டார்.

மென்மயிர்த் தோல் வணிகம் பெரும்பாலும் இந்தத் தோணியின்மேல்தான் ஓடியது. மொன்றியலிலிருந்து ஒட்டாவா ஆறு, மற்றாவா ஆறு, நிப்பிசிங் ஏரி என்று இந்தப் பூங்காவுக்கு வடக்கே போன பாதையில் வணிகர்கள் 36 அடி நீளப் பட்டைத் தோணிகளை ஓட்டினார்கள். கூலிக்குப் போன ஆட்கள் காவுதடங்களில் 90 இறாத்தல் பொதிகளை இரண்டிரண்டாகச் சுமந்தார்கள். நெற்றியில் தோல்பட்டை, அதிலிருந்து முதுகில் தொங்கும் பொதி. 80 கிலோவுக்கு மேல் கழுத்தால் இழுத்தபடி, ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். அவர்கள் தோணியையும் தடத்தையும் இந்த மண்ணின் மக்களிடமிருந்தே பெற்றார்கள். பள்ளிப் புத்தகங்களில் அந்த ஆட்களின் துணிச்சலுக்குக் கிடைத்த பக்கங்களில் பாதியாவது பட்டை தைத்த பெண்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

1837-இல் நிலவரைபடம் வரைந்த டேவிட் தொம்சன் கனூ லேக் வழியாகப் போனார். ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து ஒட்டாவா ஆற்றுக்குக் கால்வாய் வெட்ட வழி உண்டா என்று பார்க்கும் வேலை. அப்போது அவருக்கு 67 வயது. இதைச் சொன்னதும் அம்மா, “அப்ப நான் ஆறு வயது மூப்பு” என்றார். அதற்குப் பிறகு அவருடைய நடையில் ஒரு மிடுக்கு வந்தது.

கால்வாய் வரவில்லை, மரக்காரர் வந்தார்கள். வெண்பைன் மரங்களை வெட்டி, வசந்தகால வெள்ளத்தில் மிதக்கவிட, ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டினார்கள். கனூ லேக் கரையில் மோவற் என்ற ஆலைக்கிராமம் 1890-களில் எழுந்து, சில வருடங்களிலேயே ஆலை நொடித்துப்போனது. ஓவியர் ரொம் தொம்சன் பின்னாளில் அங்கேதான் தங்கினார். 1917 ஜூலை 8-ஆம் தேதி தன் கனூவில் போனவர் திரும்பவில்லை. எட்டு நாள் கழித்து உடல் மிதந்தது. அவரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே இவ்வளவு போதும்.

ஒன்ராறியோ அரசு பூங்காவை 1893-இல் சட்டமாக்கியது. இன்று ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர். அல்கொன்குவின் மக்களைச் சிறப்பிக்கவே அந்தப் பெயர். அதே சட்டம் பூங்காவுக்குள் வேட்டையையும் பொறிவைப்பதையும் தடுத்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே குளிர்காலம் கழித்த குடும்பங்களுக்கும் அந்தத் தடைதான். மரம் வெட்டுவது மட்டும் நிற்கவில்லை. பூங்காவின் பெரும்பகுதியில் இன்றும் அதற்கு அனுமதி உண்டு. பெயரை வைத்துக்கொண்டு ஆட்களை வெளியே நிறுத்தியது அநியாயம். இதை நான் மெதுவாகச் சொல்ல மாட்டேன்.

அல்கொன்குவின் மக்கள் 1772-இலிருந்தே முடியாட்சிக்கு மனு எழுதி வந்தார்கள். கோல்டன் லேக்கில் இருந்த அல்கொன்குவின் மக்கள் 1983-இல் மீண்டும் எழுதினார்கள். ஒட்டாவாவின் பாராளுமன்ற மேடு உட்பட 36,000 சதுர கிலோமீற்றர் நிலம் பற்றிய கோரிக்கை அது. பூங்காவின் பெரும்பகுதியும் அதற்குள் அடங்கும். 2016-இல் ஒரு கொள்கையளவு உடன்படிக்கை கைச்சாத்தானது. 1983 என்று படித்தவுடன் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அந்த ஆண்டை நாங்கள் இலங்கையின் கறுப்பு ஜூலைக்காக நினைவில் வைத்திருக்கிறோம். காணி உறுதியைச் சாமான்பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்த அம்மாவுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரீப்பீ லேக்கில் மழை இல்லாதது ஒரே இரவுதான். பூங்காவின் உட்பகுதிக்குத் தகரப்பேணியும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகக் கூடாது. அதனால் ரின் மீன் இல்லை. அம்மா வறுத்த அரிசிமாவும் நீத்துப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். பனையோலையில் பின்னிய அந்தப் பெட்டிக்குப் பாரமே கிடையாது. ஈர விறகு புகைந்து கண்ணைக் கரிக்க, அம்மா புட்டு அவித்தார். பிள்ளைகள் சீனி போட்டுச் சாப்பிட்டார்கள். மிச்சச் சாப்பாட்டைக் கரடிக்கு எட்டாமல் கயிறு கட்டி மரத்தில் ஏற்றினோம். இருட்டில் லூன் பறவை நீளமாகக் கூவியது. அம்மா கூடாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து, மகளின் தலையில் கைவைத்தபடி இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் நீளமான ஒரு தடத்துக்குப் போனோம். பாதிவழியில் இரண்டு மரங்களுக்கு இடையே, ஆளுயரத்துக்கு மேலே குறுக்குக்கட்டை ஒன்று கட்டியிருந்தார்கள். இவர் கனூவின் மூக்கை அதில் சாத்திவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கினார். அம்மா அந்தக் கட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“சுமைதாங்கி” என்றார்.

ஊரில் தலைச்சுமைக்காரர் ஆள் துணையில்லாமல் இறக்கி ஏற்ற, தெருவோரம் நின்ற கல்லைத்தான் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சியாகவே செத்துப்போன பெண்களுக்காக நட்டது. தோல் வணிகத்தின் ஆட்களுக்கும் தடத்தில் இப்படிப் பொதி இறக்கும் இடங்கள் இருந்தன. காவுதடத்தின் நீளத்தையே அந்த இடங்களை எண்ணித்தான் சொன்னார்கள். சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்து தொடங்கும் கிராண்ட் போர்ட்டேஜ் பதினாறு இறக்கம், இன்றைய கணக்கில் சுமார் பதின்மூன்றரைக் கிலோமீற்றர்.

திங்கட்கிழமை திரும்பும்போது அணையடியில் மகன், தானே காவப்போவதாகச் சொன்னான். செயற்கை நாரில் செய்த, இருபது கிலோவுக்கும் குறைந்த கனூதான். என்றாலும் நுகம் தோளில் இறங்கியதும் அவன் முழங்கால் ஒருதரம் மடங்கி நிமிர்ந்தது. அம்மா தன் சால்வையைச் சும்மாடுபோலச் சுருட்டி, கவிழ்ந்த தோணிக்குள் கையை விட்டு, நுகத்துக்கும் அவன் கழுத்துக்கும் நடுவே வைத்தார். பிறகு ஒரு துடுப்பை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

“வேர் ஒண்டு கிடக்குது, பாத்துக் கால்வை. இனிக் கல்லு. இனி இறக்கம்.”

தோணிக்குள்ளிருந்து, “ஓம் அம்மம்மா” என்று அவன் குரல் வந்துகொண்டே இருந்தது.