கீத்துக் கொட்டகையில இருந்து 5.1 வரைக்கும்

1931ஆம் வருஷத்துல ஒண்ணரை மாச இடைவெளியில ரெண்டு விஷயம் நடந்துச்சு. அக்டோபர் 31 அன்னிக்கு சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டர்ல 'காளிதாஸ்' ரிலீஸ். தமிழ் சினிமா வாயைத் தொறந்து பேசுன நாள். டிசம்பர் 14 அன்னிக்கு இங்கிலாந்துல, இ.எம்.ஐ. கம்பெனியில வேலை பார்த்த ஆலன் புளூம்லைன்ங்கற இன்ஜினியர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். நாம இன்னிக்கு ஸ்டீரியோன்னு சொல்றோமே, அதோட ஜாதகம் அந்த விண்ணப்பத்துலதான் இருக்கு. அப்ப அவருக்கு வயசு 28. (என் வயசுதான். நீ என்னத்தக் கிழிச்சேன்னு கேக்காதீங்க, பொட்டி தட்டிக்கிட்டிருக்கேன் :-))

இந்த யோசனை வந்ததுக்கு ஒரு கதை சொல்வாங்க. புளூம்லைன் மனைவியோட சினிமாவுக்குப் போயிருக்கார். திரையில ஆள் ஒரு ஓரத்துல நிக்கறான், குரல் மட்டும் இன்னொரு பக்கத்துல இருந்து வருது. ஆளு எங்க போறானோ அங்கயே குரலையும் போக வைக்கணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டாராம். 1935ல ஹேய்ஸ் ஸ்டேஷன்ல ரயில் போறதைப் படம் பிடிச்சு, இடமிருந்து வலமா சத்தமும் கூடவே ஓடறதைக் காட்டினார். விழுப்புரம் ஜங்ஷன்ல பிளாட்பார பெஞ்சுல உக்காந்து நிக்காத வண்டி ஒண்ணு கடந்து போறதைக் கண்ணை மூடிக் கேட்டிருந்தீங்கன்னா அவர் என்ன பிடிக்கப் பார்த்தார்னு புரியும். 1942ல ராணுவ ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து செத்துப் போயிட்டார். வயசு 38.

இதையெல்லாம் நான் ஏன் படிச்சேன்னா, திண்டிவனத்துல வீடு கட்டிக்கிட்டிருக்கோம். ஹால் 16க்கு 12 அடி. இன்னும் பூச்சு வேலை ஆகல. "தம்பி, ஸ்பீக்கருக்கு ஒயர் பைப் எங்கெங்க விடணும்னு இப்பவே சொல்லிடுங்க, பூசினப்புறம் சுவரை வெட்டச் சொல்லாதீங்க"ன்னு எலக்ட்ரீசியன் அண்ணன் சொல்லிட்டார். ஆபீஸ்ல ஆளாளுக்கு 5.1, 7.1, அட்மாஸ்னு ஏலம் விட்டாங்க. ஆனா எனக்குப் பிரச்சினை அது இல்ல. எங்க அப்பா படம் பாக்கறதையே விட்டுட்டார்.

ஒரு காலத்துல விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துல இருந்து நாலு மைல் நடந்து போய் டூரிங் கொட்டகையில படம் பார்த்த மனுஷன். சிவாஜி வசனத்தை மூச்சு விடாம சொல்வார். இப்ப டிவி முன்னாடி பத்து நிமிஷம் உக்காருவார். "வாயை மட்டும் அசைக்கறானுங்க, இன்னா பேசறானுங்கன்னே தெரியல"ன்னு எழுந்து திண்ணைக்குப் போயிடுவார். வால்யூம் வெச்சா அம்மாவுக்குத் தலைவலி. டாக்டர்கிட்ட காட்டினோம், வயசானா வர்ற காது மந்தம்தான், மிஷின் வெச்சுக்கலாம்னு சொல்லியாச்சு. மிஷின் மாட்டியும் டிவி வசனம் மட்டும் பிடிபடல. கீத்துக் கொட்டகையில ஒத்த ஸ்பீக்கர்ல புரிஞ்ச வசனம், இத்தனை பெரிய டிவியில ஏன் புரியல? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினா அது நேரா சரவுண்ட் சவுண்டோட சரித்திரத்துக்குள்ள கொண்டு போய் விட்டுச்சு.

சரி, கதைக்கு வருவோம்.

எல்லாரும் சரவுண்ட்னா பின்னாடி ஸ்பீக்கர்னு நெனைக்கறோம். சரித்திரத்துல முதல்ல வந்த தலைவலி பின்னாடி இல்ல, நடுவுல. 1933 ஏப்ரல் 27ஆம் தேதி அமெரிக்காவுல பெல் ஆய்வகத்துக்காரங்க ஒரு வேலை பண்ணினாங்க. பிலடெல்பியாவுல ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்குது, வாஷிங்டன்ல ஒரு அரங்கத்துல ஜனங்க கேக்கறாங்க. இடையில டெலிபோன் லைன். மூணு மைக், மூணு லைன், மூணு ஸ்பீக்கர். ஏன் மூணு? பெரிய அரங்கத்துல இடது, வலதுன்னு ரெண்டு மட்டும் வெச்சா நடுவுல ஒரு ஓட்டை விழுந்துடும். சரியா மையத்துல உக்காந்தவனுக்குத்தான் குரல் நடுவுல கேக்கும். ஓரமா உக்காந்தா எந்த ஸ்பீக்கர் கிட்டக்க இருக்கோ அங்க போய் ஒட்டிக்கும். நடு ஸ்பீக்கர் அந்த ஓட்டையை அடைக்க வந்தது.

அந்த நிகழ்ச்சியில சத்தத்தைக் கட்டுப்படுத்தின ஸ்டோகோவ்ஸ்கிதான் அப்புறம் டிஸ்னியோட 'ஃபேன்டேசியா' (1940) படத்துக்கும் இசை நடத்தினார். அதுக்காகவே 'ஃபேன்டாசவுண்ட்'னு ஒரு முறையைச் செஞ்சாங்க. செலவு எக்கச்சக்கம், விரல் விட்டு எண்ற அளவு தியேட்டர்லதான் மாட்டினாங்க. உலகப் போர் வந்து மிச்சத்தையும் மூடிடுச்சு.

திரும்ப உயிர் வந்தது டிவி புண்ணியத்துல. வீட்டுலயே படம் தெரிய ஆரம்பிச்சதும் தியேட்டர்ல ஈ ஓட்டினாங்க. வீட்டுல கிடைக்காத ஒண்ணைக் காட்டணுமே? 1952ல சினிராமா, ஏழு டிராக் சத்தம். 1953ல 'தி ரோப்', சினிமாஸ்கோப், நாலு டிராக்: முன்னாடி மூணு, சுத்தி ஒண்ணு. அந்தச் சுத்தி இருக்கற டிராக்ல இரைச்சல் ஜாஸ்தி. அதனால தேவைப்படும்போது மட்டும் அதைத் தொறக்க 12 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு ரகசிய சிக்னலை வெச்சாங்க. ஆக, பின்னாடி ஸ்பீக்கர் பொறந்தப்பவே பாதி நேரம் தூங்கறதுக்காகப் பொறந்தது :-). சின்ன ஊர் தியேட்டர்காரங்க இதையெல்லாம் மாட்ட எங்ககிட்ட காசு இல்லைன்னு முரண்டு பிடிச்சாங்க. அடுத்த வருஷமே கம்பெனி எறங்கி வந்து, சாதா ஒத்த டிராக் பிரிண்டும் கொடுத்துச்சு.

இதைத் தீர்த்தவர் ரே டால்பி. 1963ல இருந்து 65 வரைக்கும் ஐ.நா. ஆலோசகரா நம்ம நாட்டுல இருந்தவர், சண்டிகர்ல. 1965ல லண்டன்ல கம்பெனி ஆரம்பிச்சார். 70கள் நடுவுல வந்த டால்பி ஸ்டீரியோல, ஒரு டிராக் இருந்த இடத்துல ரெண்டு டிராக்கை வெச்சு, அதுக்குள்ளயே நாலு சேனலை மடிச்சு வெச்சாங்க. பிரிக்கற பொட்டி இருந்தா நாலும் கேக்கும். இல்லாத ஊர்ல அதே பிரிண்ட் சாதாவா ஓடும். பழசை ஒடைக்காம புதுசைச் சேக்கறதுங்கறது எங்க தொழில்ல எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும், கும்புடு போடலாம். 1977ல 'ஸ்டார் வார்ஸ்' அதை ஊரறிய வெச்சுச்சு.

அப்புறம் 1987ல டாம்லின்சன் ஹோல்மன்ங்கறவர் சொன்ன பேர்தான் 5.1. முன்னாடி மூணு, பக்கத்துல ரெண்டு, அடிவயித்துல குத்தற சத்தத்துக்குத் தனியா ஒண்ணு. அந்த ஒண்ணு ரொம்பக் கொஞ்ச அலைவரிசையைத்தான் சுமக்குது, அதனால முழுசா ஒண்ணுன்னு எண்ணாம '.1'. 1992ல 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டல்ல வந்துச்சு. பிலிம் ஓட்டைகளுக்கு நடுவுல சத்தத்தைப் புள்ளிப் புள்ளியா அச்சடிச்சாங்க. 1993ல 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ். இதுல சத்தம் பிலிம்லயே இல்ல, தனி சி.டி.யில. பிலிம் ஓரத்துல நேரக் குறி மட்டும். அதே வருஷம் செப்டம்பர் 30ஆம் தேதிதான் தென்னாற்காட்டைப் பிரிச்சு விழுப்புரம் மாவட்டம் ஆச்சு. டி.டி.எஸ்.ஸும் எங்க மாவட்டமும் ஒரே வயசு!

நம்மூர் கதையையும் சொல்லணும்ல? 1973ல 'ராஜராஜ சோழன்' தமிழோட முதல் சினிமாஸ்கோப். 1986ல 'மாவீரன்' முதல் 70 எம்.எம்., ஆறு டிராக். 1995ல 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். டி.டி.எஸ்.ஸை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது சென்னையில இருக்கற ரியல் இமேஜ். 2002ல வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஒலிப்பதிவுக்கு எச்.ஸ்ரீதரும் லட்சுமி நாராயணனும் தேசிய விருது வாங்கினாங்க. 2012ல 'சிவாஜி 3டி' அட்மாஸ்ல வந்துச்சு. அதுக்குள்ள எங்க பக்கத்து வால்போஸ்டர்ல ஹீரோ பேருக்குச் சமமா 'ஏ/சி டி.டி.எஸ்.'னு போட ஆரம்பிச்சிருந்தாங்க.

வீட்டுக்கு வந்த கதை வேற. 1982ல டால்பி சரவுண்ட், 1987ல புரோ லாஜிக், 1996 கடைசியில டிவிடி. நம்ம தெருவுக்கு வந்ததெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடையில 4440 ஐ.சி. போர்டு வெச்சு சேத்துக் கொடுத்த அசெம்பிள்டு செட்டும், அட்டைப்பெட்டி மேல 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்ஸ்'னு பொய்யை அச்சடிச்சு வந்த ஹோம் தியேட்டரும்தான். உண்மையான சரவுண்ட் வேணும்னா பிரைவேட் பஸ்லதான். கூரையில எட்டு ஸ்பீக்கர், எந்த சீட்ல உக்காந்தாலும் இளையராஜா.

இப்ப அப்பா கேஸுக்கு வரேன். படத்துல வசனம் பெரும்பாலும் நடு சேனல்லதான் இருக்கும். டிவியில நடு ஸ்பீக்கர் கிடையாது. நடுவுல இருக்கறதை ரெண்டு பக்கமும் பிரிச்சு, குண்டு வெடிக்கற சத்தத்தோட கலந்து, கீழ் பாத்தோ பின்னாடி பாத்தோ இருக்கற குட்டி ஸ்பீக்கர்ல விடுது. இது முதல் காரணம்.

ரெண்டாவது, வயசான காது முதல்ல இழக்கறது கீச்சுன்னு வர்ற மேல் அலைவரிசையை. உயிரெழுத்து கேக்கும், மெய்யெழுத்து போயிடும். 'பாட்டு'ன்னானா 'காட்டு'ன்னானான்னு தெரியாது. வால்யூம் ஏத்தினா கேக்கறதுதான் இன்னும் பலமா கேக்கும், கேக்காதது கேக்காது.

மூணாவதுதான் பெரிய ஆளு: எதிரொலி. 1895ல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல ஒரு புது லெக்சர் ஹால், வாத்தியார் பேசறது ஒரு வார்த்தை புரியல. சரி பண்ணச் சொல்லி வாலஸ் சேபின்ங்கற இளம் பேராசிரியர்கிட்ட கொடுத்தாங்க. அவர் பக்கத்து அரங்கத்து சீட் மெத்தைகளை ராத்திரியில தூக்கிட்டு வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி எதிரொலி குறையுதுன்னு கணக்கு போட்டார். சத்தத்தை விழுங்கற திறனுக்கு அவர் வெச்ச அளவுகோல் என்ன தெரியுமா? தொறந்த ஜன்னல். போன சத்தம் திரும்பி வராது.

அவர் சூத்திரத்துல எங்க ஹாலைப் போட்டேன். 10 அடி உயரம், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, பூசின சுவர். காலி ரூம்ல எதிரொலி 3 விநாடிக்கு மேல! பேச்சு புரியணும்னா அரை விநாடி பக்கத்துல இருக்கணும். ஒரு எழுத்து அடங்கறதுக்குள்ள அடுத்த அஞ்சு எழுத்து மேல வந்து விழுந்தா மிஷின் வெச்ச காது என்ன பண்ணும்?

விழுப்புரத்துல இருந்து சுமார் 20 கிலோமீட்டர்ல மண்டகப்பட்டு குடைவரை இருக்கு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம மும்மூர்த்திக்கும் கோயில் செஞ்சேன்னு முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டுல பெருமைப்பட்டுக்கிட்ட இடம். உள்ள நின்னு பேசிப் பாருங்க, குரல் கல்லுல பட்டு நம்மகிட்டயே திரும்பும். சாமிக்கு அது கம்பீரம். டிவி சீரியலுக்கு அது ஆகாது.

இப்ப கீத்துக் கொட்டகையை நெனச்சுப் பாருங்க. மேல தென்னங்கீத்து, கீழ ஆத்து மணல், பக்கத்துல பாதி தொறந்த தடுப்பு, உள்ள நெருக்கி உக்காந்த ஜனம். அத்தனையும் சத்தத்தை விழுங்கற சாமான். திரைக்குப் பின்னாடி நடுவுல ஒத்த ஸ்பீக்கர், அதாவது சுத்தமான சென்டர் சேனல்! தெருக்கூத்தும் அப்படித்தான். தொறந்த வெளி முழுக்க தொறந்த ஜன்னல். மைக் இல்லாத காலத்துல கட்டியக்காரன் பேசினது கடைசி வரிசைக்கும் போச்சு. போதாக்கொறைக்குப் பின்பாட்டுக்காரங்க அடியைத் திரும்பப் பாடுவாங்க. எங்க அப்பா காது பழகினது அந்த இடங்கள்ல. ஏழைக் கொட்டகையில இருந்த ஒண்ணு எங்க புது வீட்டுல இல்ல, அவ்ளோதான்.

தொண்ணூறு வருஷ சரித்திரத்தைப் படிச்சு முடிச்சதுல எனக்குக் கிடைச்ச வரிசை இதுதான்: முதல்ல ரூம், அப்புறம் நடு ஸ்பீக்கர், அப்புறம் இடம் வலம், கடைசியாதான் சுத்துவட்டாரம். கடைக்காரங்க விக்கற வரிசைக்கு இது நேர் தலைகீழ்.

அதன்படி முடிவு: இப்போதைக்கு ஒரு ரிசீவர், முன்னாடி மூணு ஸ்பீக்கர் மட்டும். அதுல நடு ஸ்பீக்கர் நல்லதா, உக்காந்தா காது மட்டத்துக்கு வர்ற மாதிரி. ரிசீவர்ல நடு சேனலை மட்டும் ரெண்டு மூணு டெசிபல் ஏத்தி வெச்சுக்கலாம், அம்மாவுக்குத் தலைவலி வராது. மிச்ச பட்ஜெட் கனமான திரைச்சீலைக்கும், ஜமுக்காளத்துக்கும், இலவம்பஞ்சு மெத்தை போட்ட திவானுக்கும். பின்னாடி ஸ்பீக்கருக்குப் பைப் மட்டும் விடச் சொல்லிட்டேன், உக்கார்ற இடத்துல இருந்து பக்கவாட்டுல, 110 டிகிரி வாக்குல. பைப்புக்கு ஆகற காசு கொஞ்சம்தான், சுவரைத் திரும்ப வெட்டினாதான் காசு. கரண்ட் ஒயரை மட்டும் அதே பைப்புல விட்டுடாதீங்க, உர்ருனு இரைச்சல் வரும்.

வீடு கட்டறவங்களுக்கு ஒண்ணு. ஸ்பீக்கர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஹால் நடுவுல நின்னு ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்க. 'டப்'னு அடங்கினா எந்தப் பொட்டி வாங்கினாலும் பொழச்சுக்குவீங்க. 'டப்ப்ப்ப்...'னு இழுத்துச்சுன்னா முதல்ல மெத்தைக் கடைக்குப் போங்க.