மூன்றாம் எண் கூண்டும் மூணாறு தலைப்பும்

தஞ்சைத் தரணியில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளம் முதலில் ஓர் எண்ணாகத்தான் அறிமுகமாகிறது. மேட்டூரில் நீர்மட்டம் இத்தனை அடி; முக்கொம்புக்கு விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி; நாகைத் துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு... நாளிதழும் வானொலியும், பின்னாளில் தொலைக்காட்சியும் இவ்வெண்களை நமக்கு ஓதிக்கொண்டே இருந்திருக்கின்றன. இவை யாருக்காகப் பிறந்த எண்கள்? கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளடங்கிய நீடாமங்கலத்துக் கடைத்தெருவில் அவற்றைப் படிப்பவர் தம் தெருவைப் பற்றி எதை அறிந்துகொள்கிறார்?

நீடாமங்கலம் ஆற்றோடு பிறந்த ஊர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அரசியார் யமுனாம்பாளின் பெயரால் யமுனாம்பாள்புரம் என்று வழங்கப்பட்டது. அவர் பெயரிலான சத்திரமும் உண்டு. கல்லணையில் காவிரியைப் பிரிந்து வரும் வெண்ணாறு இவ்வூரில்தான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. ஊரார் அந்த இடத்தை மூணாறு தலைப்பு என்பார்கள். மன்னார்குடிப் பக்கமும் திருத்துறைப்பூண்டிப் பக்கமும் பாசனம் பெறுவதும், அடைமழைக் காலத்தில் அதே வயல்களின் நீர் வடிவதும் இந்தத் தலைப்பின் மதகுகளையும் அவற்றுக்குக் கீழேயுள்ள ஆறுகளின் வடிதிறனையும் பொறுத்தவை.

முதலில் கன அடிக் கணக்கைப் பார்ப்போம். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் (மலையாளிகள் கொல்லம் ஆண்டைக் கொண்டு 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று நினைவுகூர்வதும் அதே மாதத்துப் பேய்மழையைத்தான்) தஞ்சை மாவட்டத்தைக் கலங்கடித்தபோது மேட்டூர் அணை இல்லை. 1934-இல் அணை திறக்கப்பட்ட பிறகு ஆற்றுவெள்ளம் ஓரளவுக்கு முன்னறிவிப்போடு வரும் விருந்தாளியாயிற்று. மேட்டூரில் திறந்த நீர் டெல்டாவின் தலைப்புக்கு வந்துசேர ஒன்றிரண்டு நாட்களாவது ஆகும். தந்தியும் தொலைபேசியும் அதைவிட விரைவானவை. ஆக, மேட்டூர் நிலவரம் அச்சேறுவதில் நியாயம் உண்டு.

ஆனால், அந்தப் பேரெண் நீடாமங்கலத்தை எட்டுவதே இல்லை! கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. மிகுவெள்ளம் முழுவதும் கொள்ளிடத்துக்குத் தள்ளப்பட்டுக் கடலுக்குப் போகும். வெண்ணாற்றுக்கு அளந்துதான் விடுவார்கள். 2018 ஆகஸ்டில் மேட்டூரின் வெளியேற்றம் ஏறத்தாழ இரண்டு லட்சம் கன அடியைத் தொட்டது. திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் சரிந்தது. ஆகஸ்ட் 22 இரவில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. தொலைக்காட்சிகள் அல்லும் பகலும் அலறின. அதே நாட்களில், கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரவில்லை என்று விவசாயிகள் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். செய்தி பொய்யன்று. அது வேறோர் ஆற்றின் செய்தி.

அடுத்தது கூண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெல்டாவை மூழ்கடிப்பது மேட்டூர் நீரன்று, தலைமேல் கொட்டும் மழை. அப்போது நமக்குக் கிடைக்கும் எண், துறைமுகத்தில் ஏற்றப்படும் கூண்டின் எண். பகலில் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகளும் கொண்ட இக்குறியீடுகள் கடலோடிகளுக்காக வகுக்கப்பட்டவை. ஒன்றும் இரண்டும் தொலைவில் உருவாகும் சின்னத்தைச் சொல்லும். மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கு வரக்கூடிய மோசமான வானிலையைச் சொல்லும். ஐந்து என்றால் புயல் துறைமுகத்துக்கு இடப்புறமாகவும், ஆறு என்றால் வலப்புறமாகவும், ஏழு என்றால் அதன் மீதோ மிக அருகிலோ கடக்கும். எட்டு முதல் பத்துவரை அதே மூன்று நிலைகள், மேலும் கடுமையாக. மாலுமிக்கு இதைவிடத் தெளிவான மொழி வேண்டியதில்லை. ஆனால் இத்தனை எண்களில் ஒன்றுகூட மழையைப் பற்றிப் பேசுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு பெய்யும், எங்கே பெய்யும், எப்போது வடியும் என்பது கப்பலுக்குத் தேவையற்ற கேள்வி. ஊருக்கோ அதுதான் கேள்வி.

இந்த இடைவெளி என்ன விலை வாங்கும் என்பதை 2008 நவம்பர் காட்டியது. 'நிஷா' வலுவில் சிறிய புயல்தான். நவம்பர் 27 காலையில் காரைக்கால் அருகே கரை கடந்தது. காற்றைக் கொண்டு அளந்தால் வரலாற்றில் இடம்பெறத் தகாத புயல். ஆனால், கரை கடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தள்ளி, நீடாமங்கலத்துக்குத் தென்மேற்கே இருக்கும் ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் 660 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பதிவானது. நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களின் சம்பா வயல்கள் ஏரிகளாயின. தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலரின் உயிரைப் பறித்தது காற்றன்று. ஊறிச் சரிந்த மண்சுவரும், உயர்ந்த நீரும், அறுந்து கிடந்த மின்கம்பியும்தான்.

நாடு அதைப் பார்த்ததா? நவம்பர் 26 இரவில் மும்பையில் தாக்குதல் தொடங்கியது. 29 வரை நீடித்தது. அந்த மூன்று நாட்களும் இந்தியாவின் செய்தித் தொலைக்காட்சிகள் தாஜ் விடுதியின் வாயிலைவிட்டு அசையவில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. அங்கே நடந்தது பெருங்கொடுமை. தமிழ் ஏடுகளும் மழையை மறந்துவிடவில்லை. ஆயினும், ஒரே வாரத்தில் நேர்ந்த இரண்டு பேரிடர்களில் ஒன்றை நாடு நிமிடத்துக்கு நிமிடம் அறிந்தது. மற்றொன்று, அதில் நனைந்தவர்களின் நினைவில் மட்டும் தங்கிவிட்டது. இன்று 'நவம்பர் 2008' என்றால் யாருக்கேனும் நிஷா நினைவுக்கு வருகிறதா, சொல்லுங்கள்.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே ஒரு பழைய சங்கதி. குஜிலிக் கடைப் பிரசுரங்கள் என்று ஏளனமாக அழைக்கப்பட்ட காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களில் கொலைச் சிந்துக்கும் ரயில் விபத்துச் சிந்துக்கும் பக்கத்தில் வெள்ளச் சிந்துகளும் புயல் சிந்துகளும் உண்டு. சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்கப்பட்ட இவற்றை நம் வட்டாரச் செய்தியின் மூதாதை எனலாம். இவை தெருப் பெயர், பாலத்தின் பெயர் சொல்லிப் பாடின. அந்த நெருக்கம் பின்னாளைய நாளிதழ்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை. ஆனால் சிந்து வெள்ளம் வடிந்த பிறகே வரும். ஒப்பாரிக்கு ஓர் இலக்கிய வடிவம் நம்மிடம் இருந்தது; எச்சரிக்கைக்கு இருந்ததோ தண்டோரா மட்டுமே.

அந்தத் தண்டோராவைப் பழைய நாள் அழகு என்று நாம் கொண்டாடிவிடக் கூடாது. ஊருக்கு அறிவிக்கும் வேலை ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்டிருந்தது. பறையடித்து மேட்டுத் தெருவை எச்சரித்தவரின் குடிசை பெரும்பாலும் ஊருக்கு வெளியே தாழ்ந்த நிலத்தில் இருந்தது. நீர் முதலில் நுழைவது அங்கேதான். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோரா முறைக்குத் தடை விதித்து, ஒலிபெருக்கி பொருத்திய வாகனத்தைக் கொண்டு அறிவிக்கப் பணித்தது. சரியான ஆணை, தாமதமாக வந்தது என்பதே நம் கருத்து. தண்டோராவில் காக்கத்தக்க ஒரு கூறு உண்டென்றால் அது எண்களின்றிப் பேசியது என்பது. 'கரை உடையும்போல் இருக்கிறது, மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போ' என்ற செய்தியில் கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. கரையில் நடந்து கசிவு பார்க்கும் லஸ்கர் சொல்லும் சொல்லும் இப்படிப்பட்டதே.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தபோது எச்சரிக்கை கடற்கரையில் நன்றாக வேலை செய்தது. ஏறத்தாழ 80,000 பேர் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். எதிர்க்கட்சித் தலைவரே அரசைப் பாராட்டினார். ஆனால் கஜா கரையோடு நிற்கவில்லை. திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்பகுதிகளைத் தென்னையோடு சாய்த்துவிட்டுப் போனது. புயல் என்றால் கடலோரத்தார் கவலை என்று நெடுங்காலமாக நம்பிவந்த உள்ளூர்களில் ஆயத்தம் குறைவு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. கைபேசிக் கோபுரங்கள் ஊமையாயின. பாராட்டுச் செய்தி ஓடிக்கொண்டிருந்த பொழுதில், பாதிக்கப்பட்டவர்களிடம் அதைப் பார்க்கவும் மின்சாரம் இல்லை, மறுத்துச் சொல்லவும் தொலைபேசி இல்லை. சேதத்தின் அளவு வெளியுலகுக்குத் தெரியவே சில நாட்கள் பிடித்தன.

துறைமுகக் கூண்டுகளில் பதினொன்றாம் எண் ஒன்றுண்டு. அது காற்றையும் குறிப்பதில்லை, திசையையும் குறிப்பதில்லை. வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அற்றுப்போயிற்று என்பதே அதன் பொருள். அந்த நவம்பரில் நீடாமங்கலம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரத்துக்குப் பொருத்தமாக ஏற்றியிருக்கத்தக்க கூண்டு அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு கருவிகள் பெருகியுள்ளன. 2023 அக்டோபரில் கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறியதும், அது சோதனை எச்சரிக்கை என்று தெரிந்து நாம் சிரித்ததும் நினைவிருக்கலாம். மழை நாட்களில் இப்போது வரும் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் மாவட்டத்தின் பெயரையும் நிறத்தையும் சொல்கின்றன. மேட்டூர் நிலவரம் இன்றும் நாள்தோறும் வருகிறது. மூணாறு தலைப்பில் எத்தனை மதகு திறந்திருக்கிறது, கோரையாற்றில் கரைக்கும் நீருக்கும் இடையே இன்னும் எத்தனை அடி என்னும் கணக்கு பொதுப்பணித் துறை வழியில் வந்த நீர்வளத் துறையினரின் குறிப்பேட்டில் இருக்கிறது. அது அச்சில் வந்து நாம் கண்டதில்லை.