பல்வலி மருந்தும் படம் போட்ட அட்டையும்

உள்ளங்கையில் அடங்கும் வண்ண அட்டை அது. வீட்டுக்கு வெளியே இரண்டு குழந்தைகள் கட்டைகளை அடுக்கி விளையாடுகிறார்கள். மேலே 'கொக்கெயின் பல்வலிச் சொட்டு மருந்து' என்ற பெயர். உடனே குணமாகும் என்ற உறுதி. விலை 15 சென்ட். 1885-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரிலிருந்த லாயிட் நிறுவனம் வெளியிட்டது. கொக்கெயினைக் கொண்டு உடலின் ஒரு பகுதியை மரத்துப்போகச் செய்து அறுவை செய்யலாம் என்பதை மருத்துவர் கார்ல் கொல்லர் வியன்னாவில் காட்டி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதனால் வலி அடங்கியது உண்மை. அந்தப் பொருள் குழந்தையின் வாய்க்குள் போனதுதான் கொடுமை.

இத்தகைய மருந்துகளை 'பேட்டன்ட் மருந்து' என்றார்கள். ஆனால் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. அதைப் பெற மருந்தில் சேர்ந்தவற்றை வெளியிட வேண்டும். உற்பத்தியாளர்கள் காக்க விரும்பியதோ அந்த ரகசியத்தைத்தான். பெயரையும் முத்திரையையும் மட்டும் பதிவு செய்துகொண்டார்கள்.

1870-களில் வண்ணக் கல்லச்சு மலிவானதால் இத்தகைய விளம்பர அட்டைகள் பெருகின. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். அச்சகங்கள் பூ, பூனைக்குட்டி, குழந்தைப் படங்களை அச்சடித்து, பெயர் போட இடம் விட்டு விற்றன. ஒரே பூனைக்குட்டி சோப்புக்கும் வந்தது, ஈரல் மருந்துக்கும் வந்தது. கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த அட்டைகளைப் பிள்ளைகள் சேர்த்து ஏட்டில் ஒட்டினார்கள். மருந்தின் பெருமை அச்சாகியிருந்த பின்பக்கம் பசையில் மறைந்தாலும், முன்பக்கப் படமும் பெயரும் பல ஆண்டுகள் வீட்டிலேயே இருந்தன. செய்தித்தாள் விளம்பரத்துக்கு இந்த ஆயுள் இல்லை.

பல் முளைக்கும் குழந்தைகளுக்கான திருமதி வின்ஸ்லோ சிரப்பின் அட்டையில் தாயும் சேயும் இருந்தார்கள்; புட்டியில் மார்ஃபின் இருந்தது. மாசசூசெட்ஸின் லின் நகரில் லிடியா பிங்க்கம் 1875-இல் விற்கத் தொடங்கிய பெண்களுக்கான மூலிகை மருந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாராயம். 1879 முதல் அவருடைய முகமே விளம்பரமானது. 1883-இல் அவர் இறந்த பிறகும், திருமதி பிங்க்கமுக்குக் கடிதம் எழுதுங்கள் என்று விளம்பரங்கள் பெண்களை அழைத்தன. தங்கள் அந்தரங்க நோய்களை எழுதிய பெண்களுக்கு இழைத்த துரோகம் அது. 1905-இல் ஒரு மகளிர் இதழ் அவருடைய கல்லறைப் படத்தையே வெளியிட்டது.

1906-இல் வந்த அமெரிக்க உணவு, மருந்துச் சட்டம் சாராயம், அபின், மார்ஃபின், கொக்கெயின் ஆகியவற்றின் அளவைப் புட்டியின் லேபிளில் குறிப்பிடச் சொன்னது. விளம்பரங்களை அது தொடவில்லை. அதற்குள் வண்ண அட்டைகளின் காலம் முடிந்து, விளம்பரங்கள் மலிவு விலை மாத இதழ்களுக்கு இடம் மாறியிருந்தன.