நகைச்சுவைப் படங்கள் வழி ஆங்கிலம் கற்றல்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள், ஆங்கில நகைச்சுவைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சொல்வளத்தையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் வளர்த்துக்கொள்ளும் முறை இது. வகுப்பறையிலும் நடக்கிறது, வீட்டு சோபாவிலும் நடக்கிறது. மற்ற படங்களில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: புரிந்ததா இல்லையா என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். சண்டைப் படத்தில் பாதி வசனம் காதில் விழாவிட்டாலும் கதை ஓடிவிடும். வசன நகைச்சுவையில் ஒரு சொல் நழுவினாலும் சிரிப்பு வராது.

படம் பார்க்க எத்தனை சொல் தெரிந்திருக்க வேண்டும்? ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 318 படங்களின் வசனங்களை அலசி 2009இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அதிகம் புழங்கும் 3,000 சொற்குடும்பங்களும் ஆட்பெயர், ஊர்ப்பெயர் போன்றவையும் தெரிந்திருந்தால் வசனத்தில் சுமார் 95 விழுக்காடு பிடிபட்டுவிடும். (ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம்.) 98 விழுக்காட்டை எட்ட ஏறக்குறைய 6,000 குடும்பங்கள் வேண்டும். கொச்சையும் கிண்டலும் பெரும்பாலும் அந்த மிச்சத்தில்தான் ஒளிந்திருக்கும்.

தாளில் தெரிந்த சொல் காதுக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 'வாண்ட் டு' என்று படித்தது படத்தில் 'வானா' என்று வரும். 'டிட் யூ' என்பது 'டிட்ஜூ' ஆகிவிடும். 'ஆண்ட்' வெறும் 'ன்' ஆகத் தேய்ந்து முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். பாட ஒலிப்பதிவுகளில் நிறுத்தி நிதானமாகப் பேசுவதையே கேட்டுப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். 'ஏர்ப்ளேன்!' (1980) படத்தில் 'நிச்சயமாக' என்ற பொருளில் ஒருவர் சொல்லும் 'ஷூர்லி'யை 'ஷர்லி' என்ற பெண் பெயராக எடுத்துக்கொண்டு, விமானத்தில் வரும் மருத்துவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொல்வார். அதற்குச் சிரித்துவிட்டால், நெருங்கிய இரண்டு ஒலிகளையும் காது பிரித்துக் கேட்டிருக்கிறது என்று பொருள்.

இந்த முறைக்கென்றே எடுத்ததுபோல அமைந்த படம் ஹரால்ட் ராமிஸ் இயக்கிய 'கிரவுண்ட்ஹாக் டே' (1993). பில் முர்ரே நடித்த வானிலை அறிவிப்பாளர், பென்சில்வேனியாவின் பங்சட்டானி ஊரில் பிப்ரவரி 2ஆம் தேதிக்குள் மாட்டிக்கொள்கிறார். காலை 6 மணிக்கு அதே கடிகார ரேடியோ, அதே பாட்டு. விடுதி மாடியில் எதிர்ப்படுபவர் அதே கேள்வியைக் கேட்கிறார். கீழே விடுதிக்காரம்மா நன்றாகத் தூங்கினீர்களா என்று விசாரிக்கிறார். தெருவில் பழைய பள்ளித்தோழனான இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஓடிவந்து பிடித்துக்கொள்கிறார். கேள்விகள் மாறுவதில்லை, நாயகனின் பதில்தான் நாளுக்கு நாள் மாறுகிறது. முதல் நாள் திணறலாகவும் பிறகு எரிச்சலாகவும் கடைசியில் கனிவாகவும் வருகிறது. கற்பவர் ரிமோட்டைத் தொடாமலேயே அதே உரையாடலைப் பல முறை கேட்டுவிடுகிறார். மூன்றாவது முறைக்குள் கேள்வி பழகிப்போவதால், கவனம் முழுவதும் புதிய பதில் மேல் நிற்கும்.

தமிழர்களுக்கு இன்னொரு படம் கைகொடுக்கும். 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) கதையின் சாயலில் கே.எஸ். ரவிக்குமார் இயக்கத்தில், கிரேஸி மோகன் வசனத்தில், கமல்ஹாசன் நடித்து 1996இல் வந்தது 'அவ்வை சண்முகி'. அதைப் பார்த்தவருக்குப் பிள்ளைகளைப் பார்க்க அப்பா பெண்வேடம் போடும் கதை முன்பே தெரியும். அடுத்து என்ன என்ற பதற்றமில்லாமல் பேச்சில் காது வைக்கலாம். 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தில் ராபின் வில்லியம்ஸ் ஏற்ற பாத்திரம் குரல் நடிகர் என்பதால் அமெரிக்கப் பேச்சும் பிரிட்டிஷ் சாயலும் ஒரே வாயிலிருந்து மாறி மாறி வரும்.

எல்லா நகைச்சுவையும் இதற்கு உதவாது. நம் வீடுகளில் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் 'மிஸ்டர் பீன்' வாயைத் திறப்பதே அபூர்வம். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) நேர் எதிர்: ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் குறுக்கே பேசும்படி ஹோவர்ட் ஹாக்ஸ் வேண்டுமென்றே எடுத்தது. தொடக்க நிலையில் உள்ளவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது சப்டைட்டில். பேசும் மொழியிலேயே எழுத்து ஓடவிடுவது அமெரிக்கத் தொலைக்காட்சியில் காது கேளாதவர்களுக்காக 1970களில் வந்த ஏற்பாடு. மொழி கற்பவர்கள் அதைத் தமக்கும் எடுத்துக்கொண்டார்கள். எந்த மொழியில் சப்டைட்டில் வேண்டும் என்பதை ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் இருவரும் நெதர்லாந்தில் சோதித்து 2009இல் எழுதினார்கள். டச்சு மாணவர்களுக்கு ஆஸ்திரேலிய நகைச்சுவைத் தொடரான 'காத் அண்ட் கிம்', ஸ்காட்லாந்துப் பேச்சு நிறைந்த 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' ஆகியவற்றிலிருந்து காட்சிகளைக் காட்டினார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்கள் அதே ஆள் பேசிய புதிய வாக்கியங்களையும் நன்றாகப் பிடித்தார்கள். டச்சு எழுத்தோடு பார்த்தவர்களுக்குப் புதிய வாக்கியங்களில் எழுத்தே இல்லாமல் பார்த்தவர்கள் அளவுக்குக்கூட வரவில்லை. கண்ணுக்குத் தாய்மொழி கிடைத்துவிட்டால் காது வேலை செய்வதில்லை.

ஆனாலும் தாய்மொழி எழுத்தை முதல் படியாக வைத்துக் கற்றவர்கள் இருக்கிறார்கள். கொரிய இசைக்குழு பிடிஎஸ்ஸின் ஆர்.எம்., அம்மா வாங்கித்தந்த 'ஃப்ரெண்ட்ஸ்' டிவிடிகளை முதலில் கொரிய எழுத்தோடும், பிறகு ஆங்கில எழுத்தோடும், கடைசியில் எழுத்தே இல்லாமலும் பார்த்ததாக 2017இல் ஒரு அமெரிக்கப் பேட்டியில் சொன்னார். அது தொடர் என்பதால் அதே ஆறு பேரின் குரல் 10 சீசன்களுக்குக் கூடவே வரும். இரண்டு மணி நேரப் படத்தில் ஒரு குரல் காதுக்குப் பழகும்போது படமே முடிந்திருக்கும்.