ஜெரி பூலேயின் 'மென்மையான சந்திப்பு'

செயின்ட்-மிஷேலில் நான் முதலில் குடியிருந்தது ஒரு பேஸ்மென்டில். மேல்வீட்டுக் கியூபெக் முதியவர் மனைவியை இழந்தவர். ஞாயிறுதோறும் ஒரே இசைத்தட்டைப் போடுவார். கரகரத்த குரல், எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. யாரென்று கேட்டேன். 'ஜெரி பூலே' என்றார்.

ஓஃபன்பாக் ராக் குழுவின் பாடகர் அவர். ராக் என்றாலே ஆங்கிலம் என்றிருந்த காலத்தில், கியூபெக் தொழிலாளர் பேசும் கொச்சைப் பிரெஞ்சில் பாடியவர். 1985இல் குழு கலைந்தது. 1987இல் அவருக்குக் குடல் புற்றுநோய். அந்த நோயோடுதான் 1988இல் 'ரான்டேவூ டூ' என்ற தனி இசைத்தட்டைக் கொண்டுவந்தார். 'மென்மையான சந்திப்பு' என்று பொருள். அதில் 'இன்னும் உயிரோடு' என்ற தலைப்பில் ஒரு பாட்டு. எழுதியவர் மிஷேல் ரிவார். 1990 ஜூலை 18இல், 44 வயதில், பூலே காலமானார்.

குடிவந்தவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பியது 1977இன் 101ஆம் சட்டம். என் பிள்ளைகளும் அப்படித்தான் பிரெஞ்சு படித்தார்கள். ஆனால் அந்த முதியவரின் தனிமைக்குத் துணையிருந்தது சட்டமல்ல, அந்தக் குரல். நாமும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றிப்போகிறோம். அவர்கள் நெஞ்சு நோகும் நாளில் போட்டுக் கேட்க, வீட்டில் பேசுகிற தமிழில் ஒரு பாட்டு நம்மிடம் இருக்கிறதா?